மகனை இழந்த அக்காவும் மாமாவும் எப்படி மீள்வார்கள்?

மகன் இறந்து ஒரு வருடமாகியும் அக்கா அழுதுகொண்டே இருக்கிறார், மாமாவோ எதுவுமே நடக்காதது போல வேலைக்குப் போய் வருகிறார், இருவருக்குள்ளும் பேச்சே குறைந்துவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மகளைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமா. எங்கள் வீட்டில் அவர் இடத்தில் இருந்தவன் நான். வேலையில் மூழ்கினால்தான் மூச்சே விட முடிந்தது. அதுவும் பள்ளிக்கூடம் விடும் நேரம் வரைக்கும்தான். அந்த நேரம் வந்தால் கை தானாக நின்றுவிடும். என் மனைவி நேர்மாறு. மகளின் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழிந்துபோன இடத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். நான் அந்த அலமாரிப் பக்கமே போக மாட்டேன். அவள் கண்ணுக்கு நான் கல்நெஞ்சக்காரன். எனக்கோ, அவள் ஆற வேண்டிய புண்ணைக் கிளறுகிறாள் என்று கோபம்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்கட்டும் 1999இல் எழுதியதைப் பிறகு படித்தேன். துக்கத்தில் இருப்பவர் கொஞ்ச நேரம் இழப்பில் கிடப்பார், கொஞ்ச நேரம் அன்றாட வேலைகளுக்குத் திரும்புவார். இப்படிப் போய்ப் போய் வருவதுதான் இயல்பு என்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் போய் வருவதில்லை, சிக்கலே அங்கேதான். மாமாவிடம் “அக்காவுக்கு ஆறுதல் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று அவரைத் தனியாகக் கேளுங்கள். அப்பாக்களை யாரும் கேட்பதில்லை.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்கள், அவற்றைத் தாண்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பார்த்து, பிள்ளையை இழந்தவர்களைப் பார்த்து அல்ல.

பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் ஞாபகம் வந்துவிடும் என்று உறவினர்கள் பயப்படுகிறார்கள். மறந்தால்தானே ஞாபகம் வருவதற்கு! “இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள்” என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

எங்களுக்குப் பெரிதாக உதவியது, பிள்ளையை இழந்த இன்னொரு தம்பதியிடம் பேசியதுதான். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் 1968இல் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கிருந்த பாதிரியார் இரு பெற்றோரையும் சேர்த்துவைத்தார். தன் ஆறுதலைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அதிகம் உதவியதை அவர் கண்டார். அதிலிருந்து 1969இல் உருவான ‘தி கம்பாஷனேட் ஃபிரண்ட்ஸ்’ அமைப்பு இன்று பல நாடுகளில் இருக்கிறது. அமைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அப்படி ஒரு வீடு தெரிந்தால் போதும்.

அப்புறம், ஒரு வருடம் கழித்து அழுவது நோயல்ல. ஆனால் எழுந்து அன்றாட வேலையைக்கூடச் செய்ய முடியாத அளவுக்கு ஏக்கம் தினமும் ஆட்டிப்படைத்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீடித்த துக்கத்தை இப்போது மருத்துவத்திலேயே தனிப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள், சிகிச்சையும் இருக்கிறது. “நானும் அவன்கூடவே போயிருக்கலாம்” என்று இருவரில் யார் சொன்னாலும் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.