எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை மாயாஜாலக் கதை வரிசையில் 41 நாவல்கள். முதலிலிருந்தே படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1983இல் வந்த முதல் நாவல் 'தி கலர் ஆஃப் மேஜிக்', பழைய வாள்-மந்திரக் கதைகளைக் கிண்டலடிப்பது. அவற்றைப் படிக்காதவருக்குப் பாதி நகைச்சுவை பிடிபடாது. போதாக்குறைக்கு, கதை அந்தரத்தில் நின்று அடுத்த புத்தகத்தில்தான் தொடரும்.

எட்டாவதான 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) எடுங்கள். யாரும் மதிக்காத ஒரு காவல் படை, நகரத்துக்குள் நுழையும் டிராகன். முன்கதை எதுவும் தெரிய வேண்டியதில்லை. பிடித்துவிட்டால் அதே காவல் படையின் 'மென் அட் ஆர்ம்ஸ்', பிறகு 'ஃபீட் ஆஃப் க்ளே'. அத்தியாயப் பிரிவு இருக்காது, பத்தி இடைவெளி பார்த்து நிறுத்துங்கள். அடிக்குறிப்புகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள். சிரிப்பில் பெரும்பங்கு அங்கேதான்!