மூன்றரைக்கே விழிப்பு தட்டுகிறது, தூக்க மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது, நங்கநல்லூரில் இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு தினமும் மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. புரண்டு புரண்டு படுத்துவிட்டு, ஐந்தரைக்கு வாக்கிங் போகிறேன். இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடுவேன். மதியம் ஒரு மணி நேரம் கண் அசருவேன். தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: மாத்திரை இருக்கட்டும், முதலில் ஒரு கூட்டல் கணக்கு. இரவில் ஆறரை மணி நேரம், மதியம் ஒன்று, ஆக ஏழரை. உங்கள் வயதுக்கு ஏழு முதல் எட்டு மணி நேரம் போதும். அளவு சரிதான், நேரம்தான் முந்திவிட்டது. வயதாக ஆக உடம்பின் கடிகாரமே முன்னால் நகரும்.

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலேயே முடிந்துவிடும். பின்னிரவில் லேசான தூக்கமும் கனவும்தான். அப்போது தெருநாய் குரைத்தாலே போதும், எழுந்துவிடுவோம். கோடையில் இப்படிச் சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஏசி டைமரைத்தான். கரண்ட் பில்லுக்குப் பயந்து மூன்று மணிக்கு நிற்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அரை மணியில் புழுக்கம் எழுப்பிவிடும். டைமரை எடுத்துவிட்டு 26, 27 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள்.

படுக்கும் நேரத்தைப் பத்தே காலுக்குத் தள்ளுங்கள், ஒரேயடியாக வேண்டாம், சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக. எட்டரைக்கே டிவி முன்னால் சாய்ந்து கொட்டாவி விட்டால் எழுந்து நடமாடுங்கள். வாக்கிங்கை சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். விடியற்காலை வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் முந்த வைக்கும், அந்தி வெளிச்சம் பின்னுக்கு இழுக்கும். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள், அரை மணி நேரம் போதும். அப்புறம், ஐந்து மணி ஃபில்டர் காபி: அதிலுள்ள காஃபினில் பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள். (நம் ஊரில் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்.)

விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் ஹாலில் மங்கலான விளக்கில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்புங்கள். செல்போன் வேண்டாம்.

பிபிக்கு நீர் மாத்திரையை இரவில் போடுகிறீர்களா? காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரையையும் புராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். குறட்டையோடு மூச்சுத் திணறி விழித்தால் அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு.

பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். இந்த வயதில் தடுமாறி விழவும், மறதி கூடவும் அது காரணமாகும். பழகிவிட்டால் நிறுத்துவதும் கஷ்டம்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: விழித்ததுமே மனசு கனமாக இருக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சீக்கிரம் விழிப்பது அதன் முக்கிய அறிகுறி. அப்படியானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.