போனில் ஓட்டுப் போடலாமா? கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கத் தேர்தலை இனிமேல் போன் செயலியில் நடத்தலாம் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. பொதுத் தேர்தல்களில் வாக்கு எண்ணும் முகவராக உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

அண்ணே, செயலி விற்பவர் ‘சான்றிதழ் இருக்கு’ என்கிறாரே, போதாதா?

எதற்கான சான்றிதழ் என்று முதலில் கேளுங்கள், தம்பி. 2000இல் புளோரிடாவில் துளையிடும் வாக்குச்சீட்டுகளால் பெரிய குழப்பம் வந்தது. அதற்குப் பிறகு 2002இல் அமெரிக்கா சட்டம் போட்டு, வாக்குப்பதிவு இயந்திரங்களுக்குத் தரவிதிகள் வகுக்க ஓர் ஆணையம் அமைத்தது. அந்த விதிகளின் 2.0 பதிப்பு 2021இல் வந்தது. மென்பொருளில் புகும் பிழை, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி முடிவை மாற்றிவிடக் கூடாது என்பது அதில் முக்கியமான நிபந்தனை. அதனால் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சந்தேகம் வந்தால் எதை வைத்துத் திரும்ப எண்ணுவீர்கள்? அதே கணினியிலிருந்து இன்னொரு முறை அச்சடித்துத் தந்தால் அது மறு எண்ணிக்கை ஆகாது. அப்புறம், சான்றிதழ் சோதித்த பதிப்புக்கு மட்டும்தான். நாளைக்கே செயலியைப் புதுப்பித்தால் அது வேறு செயலி.

இந்தியாவில் மெஷின்தானே, ஐயா?

ஆமாம்மா. ஆனால் அது இணையத்தோடு சேராத மெஷின். வாக்குப்பதிவுக்கு முன்பு முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். போட்ட ஓட்டு காகிதத்தில் அச்சாகிக் கண்ணாடிக்குள் தெரியும். ஜெர்மனியிலோ, சாதாரணக் குடிமகன் தொழில்நுட்ப அறிவு இல்லாமலே சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லி, 2005 தேர்தலில் பயன்படுத்திய மெஷின்களை 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது.

நம் காகித முறையில் அப்படி என்ன இருக்கிறது?

பொதுத் தேர்தலில் சாலுரானில், அதாவது வாக்குச்சாவடி அறையில், உட்கார்ந்து பார்த்தால் தெரியும். காலையில் காலிப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு முத்திரை போடுவார்கள். அந்த முத்திரையின் எண்ணை நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். வாக்களிப்பு முடிந்ததும் அதே இடத்தில் பெட்டியைத் திறந்து, சீட்டை ஒவ்வொன்றாக விரித்து, குறி எங்கே விழுந்திருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டி எண்ணுவார்கள். பிறகு போராங் 14, அதாவது எண்ணிக்கை முடிவை எழுதும் படிவம். கையெழுத்துப் போடுவோம், பிரதி வாங்குவோம். பால்மரம் சீவியே காலம் கழித்த ஒரு பாட்டிகூட அங்கே முகவராக உட்கார்ந்து தவறைப் பிடிக்கலாம்.

ஜொகூரில் வேலை செய்யும் பிள்ளைகள் எப்படி ஓட்டுப் போடுவது?

நியாயமான கவலை. தபால் ஓட்டு வைக்கலாம். ஆனால் வீட்டில் போடும் ஓட்டு ரகசியமானது என்று எந்தச் சோதனைக்கூடமும் சான்று தர முடியாது. ஒரு சங்கத் தேர்தலில், லயத்து வாசலில் ஒருவர் 4 பேரின் போனை வாங்கி வரிசையாக அமுக்கியதை நான் நேரில் பார்த்தேன். பெரியவர்கள் பக்கத்தில் பேசாமல் நின்றார்கள். இன்றும் அது மனதை அறுக்கிறது.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

பெயர்ப் பதிவுக்கு மட்டும் கணினி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு காகிதத்தில் இருக்கட்டும். பெட்டிச் சாவி ஒருவரிடம், முத்திரை எண் குறித்த தாள் தோற்கக்கூடியவரின் ஆளிடம்.