கல்லீரலுக்குப் பரவிய கட்டியைச் சுட்டு அழித்தால் ஆயுள் கூடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடத்தில் கல்லீரலில் இரண்டு கட்டிகள்: 2.4 செ.மீ., 1.5 செ.மீ. பெரியது ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறதாம். மைக்ரோவேவ் ஊசி வைத்துச் சுட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். எவ்வளவு காலம் தாங்கும்?

பதில்: இரண்டும் 3 செ.மீ.க்குள் இருப்பது நல்ல செய்தி. இந்தச் சிகிச்சை நம்பகமாக வேலை செய்வது அந்த அளவுக்குள்தான். 5 செ.மீ. வரை முயலலாம், ஆனால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

ஊசியைச் சுற்றி வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே இறந்துவிடும். ஆனால் கட்டி மட்டும் வெந்தால் போதாது. ஸ்கேனில் தெரியாத செல்கள் விளிம்பைத் தாண்டியும் இருக்கலாம். ஆகவே சுற்றிலும் குறைந்தது 5 மி.மீ., முடிந்தால் 10 மி.மீ. நல்ல கல்லீரலும் சேர்ந்து வேக வேண்டும். 10 மி.மீ. ஓரம் கிடைக்க, அப்பாவின் பெரிய கட்டி இருக்கும் இடத்தில் 4.4 செ.மீ. அகலத்துக்கு வேக வேண்டும். டாக்டரின் கையில் இருப்பவற்றில் முக்கியமானது இந்த ஓரம்தான். "எல்லாப் பக்கமும் எத்தனை மி.மீ. கிடைத்தது?" என்று கட்டாயம் கேளுங்கள்.

3 மி.மீ.க்கு மேல் அகலமான ரத்தக்குழாய் பக்கத்தில் இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கம் அரைவேக்காடாக நின்றுவிடும். ஆர்.எஃப்.ஏ.வைவிட (ரேடியோ அலை மின்சாரத்தால் சுடும் முறை) மைக்ரோவேவில் இந்தத் தொல்லை குறைவு என்பதால் டாக்டரின் தேர்வு சரியே. பெரிய பித்தக்குழாய்க்கு அருகில் என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். சூடு பட்டு அது பின்னாளில் சுருங்கிவிடலாம்.

மற்றதெல்லாம் நோயின் குணம். முதல் கட்டியோடு நெறிகட்டிகளிலும் நோய் இருந்ததா, சி.இ.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடு) அளவு உயர்ந்திருக்கிறதா, ராஸ் மரபணு மாற்றம் உண்டா, நுரையீரல் போன்ற வேறு இடங்களில் பரவல் உண்டா என்பவை ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒரு வருடத்துக்குள் பரவியிருந்தால் கவலை அதிகம். அப்பாவுக்கு ஒன்றரை வருடம் ஆனது சாதகம்.

ஆபரேஷனில் எடுக்க முடியாத கல்லீரல் கட்டிகள் கொண்ட 119 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த கிளாக் ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களில் 8 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 8.9 சதவீதம். ஆர்.எஃப்.ஏ.வும் சேர்த்துப் பெற்றவர்களில் 35.9 சதவீதம். ஆகவே முயல்வது நிச்சயம் பொருளுள்ளது. அப்பாவின் கட்டிகளை ஆபரேஷனில் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளில் ஆபரேஷனையும் சுடும் முறையையும் ஒப்பிட்ட கொலிஷன் ஆய்வில் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. சிக்கல்கள் சுடும் முறையில் குறைவு.

முதலில் கீமோ கொடுப்பதானால், கட்டி ஸ்கேனில் மறையும் வரை காத்திருக்க வேண்டாம். மறைந்த இடத்திலும் செல்கள் மிஞ்சியிருக்கலாம். ஊசிக்குக் குறி கிடைக்காது.

சிகிச்சைக்குப் பின் எடுக்கும் சி.டி.யில் 2.4 செ.மீ. இருந்த இடம் 4 செ.மீ.க்கு மேல் கருப்பாகத் தெரியும். கட்டி வளர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். அது வெந்த பகுதி. முதல் சில வாரங்கள் அதைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிவதும் இயல்பே. ஓரத்தில் முடிச்சுபோலப் புடைத்து, ஸ்கேனுக்காக ஏற்றும் மருந்தால் வெளுத்துத் தெரிந்தால்தான் சந்தேகம். முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் சி.இ.ஏ.வும் தவறக் கூடாது. சிறிதாக இருக்கும்போதே பிடித்தால் மறுபடி சுடலாம்.

சில நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருக்கும். ஒரு வாரம் கழித்துக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.