ஓட்டு, ரேஷன், தள்ளுபடி: கேள்வி பதில்

தமிழ்நாட்டுக் கட்சிகள் விவசாயிகளிடமும் கூலித் தொழிலாளிகளிடமும் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்கின்றன என்பது மட்டும்தான் இன்றைய பேச்சு. அடுத்து யார் ஜெயிப்பார் என்பதை ஜோசியரிடம் கேளுங்கள்.

மன்னார்குடி வாசகர்: ஐயா, 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்த அ.தி.மு.க. ஏப்ரல் தேர்தலில் தோற்றுப்போனது. விவசாயிக்கு நன்றி இல்லையா?

தள்ளுபடி கிடைத்தது 16.43 லட்சம் பேருக்கு, அதுவும் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு. அங்கே கடன் வாங்கச் சிட்டா (நிலம் யாருடையது என்ற கணக்கு), அடங்கல் (என்ன பயிர் என்ற கணக்கு) வேண்டும். சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்குவதே பெரும்பாடு. அதனால் நகையை அடகு வைத்தும், உரக்கடையில் கடன் சொல்லியும் பயிர் வைப்பார். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒழுங்காகத் தவணை கட்டியவரோ "கட்டாமல் விட்டிருக்கலாம்" என்று நொந்துகொள்வார். சில வீடுகள் வாங்கும், மற்ற வீடுகள் வேடிக்கை பார்க்கும். பத்து வருட ஆட்சி, கூட்டணிக் கணக்கு எல்லாமும் சேர்ந்துதான் அந்தத் தோல்வி. ஆனால் தள்ளுபடியை ஊரே வாங்கியதாக நினைத்தது தப்புக்கணக்கு.

அதே பள்ளத்தில் தி.மு.க.வும் விழுந்தது. 2021 தேர்தலில் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றார்கள். விதிமுறை வந்தபோது 48 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டன. 40 கிராமைத் தாண்டியவர், அரசு ஊழியர் குடும்பம், முன்பே பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றவர் என்று பட்டியல் நீண்டது. எந்த வாக்குறுதியானாலும் முதலில் தகுதி விதியைத் தேடுங்கள். அறிக்கையில் அது இல்லை என்றால் பின்னால் வருகிறது என்று அர்த்தம்.

கல்லூரி மாணவி, மதுரை: அரிசி மட்டும் ஏன் இத்தனை காலம் எடுபடுகிறது, சார்?

1967-இல் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது தி.மு.க. ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ஒரு படி போட்டார்கள். அதற்கு மேல் பணம் இடம் கொடுக்கவில்லை. நிலைத்தது வேறொன்று: அட்டை வைத்திருக்கிற எல்லோருக்கும் அரிசி என்ற ஏற்பாடு. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோதும் தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. யாரை விட்டார்கள் என்ற சண்டைக்கு அங்கே இடம் குறைவு. மாதாமாதம் வருகிறது. எடை குறைந்தால் வாங்குகிறவருக்கே தெரியும், அன்றைக்கே கடை வாசலில் சத்தம் கிளம்பும்.

கரூர்: மகளிர் உரிமைத் தொகை என் மனைவிக்கு ஏன் வரவில்லை?

2023-இல் வைத்த விதி: வயது 21 நிறைந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நிலம் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வருமான வரி கட்டுகிறவர், கார் வைத்திருப்பவர் இருந்தால் கிடையாது. நிராகரித்தால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு. 2021 தேர்தலில் தி.மு.க. இந்த வாக்குறுதியைக் கொடுத்தபோது இந்த விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பொள்ளாச்சி: விவசாயத்துக்கு இலவச மின்சாரம் ஏழை விவசாயிக்குத்தானே?

கிணறும் மோட்டாரும் இணைப்பும் உள்ளவருக்கு. எழுபதுகளில் கோவைப் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்கு எதிராக நடந்த போராட்டங்களின் தொடர்ச்சி அது. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. மோட்டார் பெரிதானால் சலுகையும் பெரிது. நிலமில்லாதவருக்குப் பூஜ்யம். ஆனாலும் எந்தக் கட்சியும் அதைத் தொடாது.

சேலம்: இலவசமும் ஓட்டுக்குக் காசும் ஒன்றுதானே?

இல்லை. வேட்பாளரோ அவர் ஆளோ ஓட்டுக்காகப் பணம் கொடுத்தால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் அது ஊழல் செயல். கட்சி அறிக்கையில் சொல்வது அந்தப் பிரிவில் வராது என்று சுப்ரமணியம் பாலாஜி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் எங்கிருந்து வரும் என்பதை அறிக்கை காட்ட வேண்டும் என்பது அதன்பின் தேர்தல் நடத்தை விதியில் சேர்ந்தது. எத்தனை கட்சி காட்டுகிறது என்று கேட்காதீர்கள்.

சேலம் (மறுபடி): சட்டத்தை விடுங்கள். 2011-இல் "இலவசம்" என்பதை "விலையில்லா" என்று மாற்றியது வெறும் வார்த்தை ஜாலம்.

வார்த்தைதான். ஆனால் கூலி வேலை செய்கிறவர் காதில் "இலவசம்" பிச்சை போல விழும்.

திருச்சி (குறுக்கிட்டு): கலர் டிவியை வைத்துக்கொண்டு எந்த வேலை நடந்தது, அண்ணா?

2006-இல் தி.மு.க. அறிவித்த டிவியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 2011-இன் மிக்சி, கிரைண்டர் வேறு. உரலில் மாவாட்டிவிட்டுக் களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு மிச்சமாகும் நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

சேலம்: அந்த நேரத்துக்குக் கூலியை உயர்த்தியிருக்கலாமே?

இது நல்ல கேள்வி. கூலியை உயர்த்தினால் நிலத்துக்காரரும் முதலாளியும் பகைப்பார்கள். கிரைண்டருக்குக் கஜானா பணம் போதும், யாரும் பகை இல்லை. அதனால்தான் எல்லாக் கட்சிக்கும் பொருள் கொடுப்பது சுலபம். 2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. மே 1 அன்று மசோதா வாபஸ். தொழிலாளி ஓட்டின் பலம் அந்தப் பத்து நாளில் தெரிந்தது. சேலத்துக்கு இத்தோடு போதும்.

திருப்பூர்: பனியன் கம்பெனி வடமாநிலத் தொழிலாளர்களை ஏன் கட்சிகள் கண்டுகொள்வதில்லை?

பெரும்பாலோர் ஓட்டு சொந்த ஊரில்.

பெங்களூர்: பீகாரில் எப்படி?

அது எனக்குத் தெரிந்த வயல் இல்லை. அங்கே உள்ளவரைக் கேளுங்கள்.

தர்மபுரி: ஒரு வாக்குறுதி நடக்குமா என்று கணக்குப் போடுவது எப்படி?

தொகையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள், பிறகு ஆட்களால். 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், அப்போது 1.06 கோடிப் பெண்கள்: ஆண்டுக்கு 12,720 கோடி. சுமார் இரண்டு கோடி ரேஷன் அட்டைக்கும் என்றால் 24,000 கோடி. 2021-இல் அ.தி.மு.க. சொன்ன மாதம் 1,500-ஐ அத்தனை அட்டைக்கும் போட்டால் 36,000 கோடி. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் தகுதி விதி வருகிறது. வாட்ஸ்அப் படத்தில் அது இருக்காது, அரசாணையில் இருக்கும்.

நாமக்கல்: சார், எங்க அக்காவுக்கு ஆயிரம் ரூபாய் வரவில்லை, என்ன காரணம்?

கரூருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

விருதுநகர்: என் அம்மாவுக்கும்...

கரூர்.