அழுகைப் பாட்டுக்கு ஆட்டத் தாளம்

அன்புள்ள ஐயா,
ஸ்பானிய மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. யூடியூபில் தற்செயலாக கமிலோ செஸ்டோவின் பாட்டு ஒன்றைக் கேட்டேன், மூன்று நாளாக மண்டைக்குள் அதுவே ஓடுகிறது. நண்பர்கள் ‘அழுகாச்சிப் பாட்டு’ என்று கிண்டல் செய்கிறார்கள். அவர் பெரிய கலைஞரா, வெறும் உருகல்தானா?
கே.

அன்புள்ள கே.,

பாட்டின் பெயரைச் சொல்லவில்லையே. ‘விவிர் அசி எஸ் மொரிர் தே அமோர்’ ஆகத்தான் இருக்கும், மூன்று நாள் ஆளை விடாத பாட்டு அது. 1978இல் வந்தது. இப்படி வாழ்வது காதலில் சாவதுதான் என்று அர்த்தம். வரிகளை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி, தன்னை விரும்பாதவர்களையே தேடித்தேடி விரும்புகிறவனின் புலம்பல். ஆனால் தாளத்தைக் கவனியுங்கள், கால் சும்மா இருக்காது. பல்லவி முடிகிற இடத்தில் ‘மெலங்கொலியா’ என்று துயரத்தையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதுவும் கொண்டாட்டத்தில் கத்துகிற மாதிரி. ஸ்பெயினில் ஊர்த் திருவிழாக்களில் ஜனங்கள் இதற்கு ஆடுகிறார்கள். வெறும் உருகல் என்றால் யார் ஆடுவார்கள்?

ஆள் அலிகாந்தே மாகாணத்து அல்கோய் நகரத்துக்காரர், 1946இல் பிறந்தவர், இயற்பெயர் கமிலோ பிளானெஸ். இசைக்குழுக்களில் பாடி, மத்ரித் வந்து, தனிப் பாடகராகி, எழுபதுகளில் ஸ்பெயினோடு லத்தீன் அமெரிக்காவையும் பிடித்துக்கொண்டார். நிறையப் பாடல்களை அவரே எழுதி இசையமைத்தார், இதை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு அவர் மீது மரியாதை வந்தது வேறு ஒன்றால். 1975 நவம்பர் 6, மத்ரித்தில் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ ராக் இசை நாடகத்தை ஸ்பானிய மொழியில் மேடையேற்றினார், ஏசுவாக அவரே நடித்தார், பணமும் அவர் கைப்பணம். சர்வாதிகாரி பிராங்கோ இறந்தது அதே மாதம் 20ஆம் தேதி, அதாவது இரண்டு வாரம் கழித்து. கத்தோலிக்கம் ஆட்சியோடு பின்னிக் கிடந்த நாட்டில், கிதார் இரைச்சலுக்கு நடுவே ஏசு பாடுவது சின்ன விஷயமில்லை, எதிர்ப்பும் கிளம்பியது. காதல் பாட்டுப் பாடிச் சம்பாதித்ததை ஒருத்தர் அதில் போய்க் கொட்டுகிறார்! நல்ல கிறுக்கு.

அப்புறம் வழக்கமான கதைதான்: புகழ் இறக்கம், 2001இல் கல்லீரல் மாற்று சிகிச்சை, 2019 செப்டம்பர் 8இல் மரணம், 73 வயதாக எட்டு நாள் இருந்தது.

சரி, அந்த நாடகத்தில் அவர் பாடிய ‘கெத்செமனி’யைத் தேடிக் கேளுங்கள். குரல் மேலே போகிற இடத்தில் ஹெட்போனைக் கழற்றி அந்த நண்பர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.