சோப்பு நுரைக்காததற்குத் தண்ணீரின் உப்புதான் காரணமா?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் குடிவந்த வீட்டில், போர் தண்ணீரில் குளியல் சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைப்பதில்லை, ஆனால் அதே தண்ணீரில் ஷாம்பூ நன்றாக நுரைக்கிறது, உப்பு ஷாம்பூவை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே கரையில் வளர்ந்து, பிறகு வேதியியல் படித்தவன். நாக்கில் கரிக்கும் உப்பு இதில் முதல் குற்றவாளி அன்று என்பதே என் பதில்.

சோப்பின் மூலக்கூறுக்கு நீரை நாடும் தலை ஒன்றும், நீரை வெறுக்கும் நீண்ட வால் ஒன்றும் உண்டு. வாலுக்குத் தண்ணீருக்குள் இடம் பொருந்தாததால், காற்றைத் தொடும் மேற்பரப்பிலோ அழுக்கின் எண்ணெயைத் தொடும் இடைப்பரப்பிலோ போய் நெருக்கமாக அணிவகுத்து நிற்கிறது. இப்படிப்பட்ட பொருள்களுக்குத்தான் சர்ஃபாக்டன்ட் என்று பெயர். அவை வந்து நின்றவுடன், நீரின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப் பிடித்திருக்கும் பரப்பு இழுவிசை, மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. இதைப் பூசைத் தட்டிலிருந்தே பார்க்கலாம்: சுத்தமான கிண்ணத்துத் தண்ணீரில் சூடத்துகள்களைப் போட்டால் அவை தாமாகவே சுழன்று ஓடும், எண்ணெய் பட்ட விரல் நுனியால் நீரைத் தொட்டால், எண்ணெய் பரவி இழுவிசை குறைந்து, அந்தக் கணமே நின்றுவிடும். சூடத்தின் ஓட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் தேவை என்று 1890இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு அளந்து பார்த்தபோது, அந்தப் படலத்தின் தடிமன் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவு என்று தெரிந்தது. அது ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்.

ஆகவே பரப்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சோப்பு சோப்பாக இருக்கும். உங்கள் வீட்டில் அது போய்ச் சேர்வதற்கு முன்பே வழிமறிக்கப்படுகிறது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும் இரட்டை மின்சுமை உடையவை. ஒவ்வொன்றும் இரண்டு சோப்புத் தலைகளைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத பொருளாகப் படிந்துவிடுகின்றன. வாளியின் விளிம்பில் சாம்பல் வெள்ளையாய்த் திரிதிரியாக ஒட்டி, நகத்தால் சுரண்டினால் மெழுகு போல வழுக்குகிறதே, அந்தப் பிசுக்குதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சோப்பு. கடல்நீரிலோ லிட்டருக்கு 1.3 கிராம் அளவுக்கு மெக்னீசியமும் 0.4 கிராம் அளவுக்குக் கால்சியமும் இருக்கின்றன. அங்கே சாதாரண சோப்பின் பாடு கேட்கவே வேண்டாம்.

ஷாம்பூவில் பெரும்பாலும் இருப்பது சோடியம் லாரெத் சல்ஃபேட். சோப்பின் தலை கார்பாக்சிலேட், இதன் தலை சல்ஃபேட். இது கால்சியத்தோடு சேர்ந்தாலும் நீரில் கரைந்தே நிற்பதால் பிசுக்கு உண்டாவதில்லை.

இனி கறியுப்பு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் இது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. ஒரே வகை மின்சுமை கொண்ட தலைகள் ஒன்றையொன்று தள்ளுவதால், அவை பரப்பில் நெருங்கி நிற்கத் தயங்கும். உப்பின் சோடியம் அயனிகள் இடையில் புகுந்து அந்தத் தள்ளுதலைத் தணிக்கின்றன, அதாவது அளவோடு இருக்கும் உப்பு அவற்றுக்கு உதவியே செய்கிறது. பரப்பு நிறைந்தபின் எஞ்சியவை, வால்களை உள்ளே ஒளித்துக்கொண்டு மிசெல் என்னும் உருண்டைகளாகத் திரளும் அளவு, ஷாம்பூப் பொருளின் நெருங்கிய உறவான சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்குத் தூய நீரில் லிட்டருக்கு 8 மில்லிமோல், அதாவது 2.3 கிராம் அளவு. லிட்டருக்கு ஆறு கிராம் உப்பைச் சேர்த்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். வாலிநோக்கம் உப்பளங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, நீர்த்த ஷாம்பூவைக் கெட்டியாக்கத் தொழிற்சாலைகளில் சேர்ப்பதும் இந்த உப்பையே என்பதுதான்: உருண்டை மிசெல்கள் புழுப்போல நீண்டு பின்னிக்கொள்வதால் திரவம் தடிக்கிறது. ஆனால் அளவு மீறினால் மீண்டும் நீர்த்துவிடும். உப்பு மிகவும் கூடினால் சோப்பு நீரில் கரைந்து நிற்காது; சோப்பு காய்ச்சுகிறவர்கள் கொப்பரையில் உப்பைக் கொட்டிச் சோப்பைத் தனியே மிதக்க வைத்துப் பிரிப்பது அதனால்தான்.

செய்யக்கூடியது என்ன? தேங்காய் எண்ணெய்ச் சோப்பை முயன்று பாருங்கள். அதன் வால்கள் குட்டையானவை என்பதால் உவர்நீரில் மற்றவற்றைவிட நன்றாக நுரைக்கும். துணிக்குச் சலவைச் சோடாவை முதலில் கரைத்து, கால்சியத்தைப் படியவிட்டபின் சோப்பைப் போடலாம். மழைநீரைப் பிடித்து வைக்க இடமிருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

தலைக்கு எங்கள் அப்பத்தா இந்த உவர்க்கிணற்று நீரிலேயே கடைசிவரை சீயக்காய்தான் தேய்த்தார். சீயக்காயின் சப்போனினுக்குத் தலையாக இருப்பவை சர்க்கரைகள். கால்சியம் சோப்பைப் பிடிப்பது போல அவற்றை எளிதில் பிடித்துக்கொள்வதில்லை.